சினையா கட்டியா

கை முழங்கையைத் தாண்டியதும் குடல் ஒரு பிடி பிடித்தது. இனி அது தானாக விடுகிறவரை அசையக்கூடாது. தள்ளினால் கிழியும், இழுத்தாலும் கிழியும். விரல்களைக் குவித்து, உயிரில்லாத கையைப்போல உள்ளே போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருபத்திமூன்று வருடமாக மாட்டு டாக்டராக இருக்கிற மங்கையர்க்கரசி எத்தனையோ ஆயிரம் தடவை இப்படிக் காத்திருந்திருக்கிறாள். இன்னும் ஒரு கன்றுகூடப் போடாத கிடாரியின் இடுப்பெலும்பில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கண் திறந்திருந்தால் விரலுக்குப் பார்வை மங்கிவிடும். ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து கட்டுத்தரை முழுக்க இறைத்தது. தலைமாட்டில் கயிற்றைப் பிடித்திருந்த நாச்சிமுத்து காறித் துப்பினார். வாலை ஒருபக்கமாக வளைத்துப் பிடித்திருந்த அவர் மனைவி பாவாயி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பார்க்கிறாள் என்று கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. எல்லாரும் பார்ப்பார்கள். மாட்டுக்குள் கை விட்டிருக்கிற டாக்டரின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதனால் முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள். முகம் சரி, மனதை என்ன செய்வது? மனது, நாச்சிமுத்து போனில் சொன்ன அடையாளங்களைக் கேட்டு வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிய நிமிடம் முதல், வயிற்றில் இருப்பது கட்டியாக இருக்கவேண்டும், கட்டியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்திருந்தது. எந்த டாக்டராவது இப்படி வேண்டுவாளா? அதுவும், கட்டி என்று தன் வாயால் சொன்ன மறு நிமிடம் இந்தக் கிடாரி எங்கே போகும் என்று தெரிந்துகொண்டே? தடத்தில் வியாபாரியின் மினி லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. கறிக்குப் போகிற லாரி. "கட்டின்னா சொல்லிப்போடுங்க, இன்னைக்கே ஏத்தி உட்டர்றேன். வெச்சுட்டு மாரடிக்க என்னால ஆகாதுங்க" என்று நாச்சிமுத்து முதலிலேயே சொல்லிவிட்டார். இப்போது நிற்கிற நிலையில் இந்த மயிலைக் கிடாரியின் உயிர் அவளுடைய இடதுகை விரல் நுனியில் இருந்தது. அந்த விரலுக்கு ஒரு சொந்த ஆசை இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

குடல் விட்டது. கை இன்னும் ஒரு சாண் உள்ளே போயிற்று, தோள் வரை. சூடு. மாட்டின் உள்சூடு மனிதச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். பிளாஸ்டிக் உறையையும் மீறி எலும்பு வரை ஏறும். மார்கழிக் காலையில் இந்தச் சூட்டுக்காகவே முதல் மாட்டை ஆவலோடு எதிர்பார்த்த நாட்கள் உண்டு. நாற்பத்தேழு வயதில், தனியாக ஒரு வாடகை வீட்டில், ஒரு ஆளுக்குச் சோறு வடித்துச் சாப்பிடுகிறவளுக்கு இன்னொரு உடம்பின் சூடு என்றால் இதுதான், இந்தத் தோள் வரைக்குமான சூடு. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது பாவம் பார்ப்பார்கள். பாவம் பார்ப்பதுதான் மோசம். விரல்கள் இடுப்பெலும்பின் விளிம்பைத் தொட்டன. அதற்குக் கீழேதான் கருப்பை கிடக்கவேண்டும், கைக்குள் அடங்குகிற மாதிரி, இரண்டு சுருண்ட கொம்பாக. அங்கே அது இல்லை. விளிம்பைத் தாண்டிக் கீழே எதுவோ இழுத்துக்கொண்டு போயிருந்தது. கனமான எதுவோ. நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. இரு, இரு, அவசரப்படாதே. போன ஆவணியிலிருந்து ஐப்பசி வரை மூன்று தடவை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் கிடாரி காளையைப்போலக் கத்த ஆரம்பித்தது, மண்ணைக் காலால் கிளறியது, மற்ற மாடுகளின் மேல் ஏறியது. நாச்சிமுத்து வெறுத்துப்போய் ஊசி போடுவதையே நிறுத்திவிட்டார். இப்போது பார்த்தால் மடி இறங்கியிருக்கிறது, காம்பைத் தொட்டால் தேனாகப் பிசுபிசுக்கிறது. காளைப் பக்கமே விடவில்லை என்று அவர் குலசாமி மேல் சத்தியம் செய்தார். சினைப்படாத கிடாரி, காளைக் குணம், மடியில் சுரப்பு. புத்தகத்தில் அப்படியே இருக்கிறது: சூலகத்தில் வரும் கிரானுலோசாக் கட்டி. இங்கே ஒரு கால்நடை டாக்டர் ஓய்வு பெறுவதற்குள் கையால் ஒன்றைத் தொட்டால் அதிகம். அவள் தொட்டதில்லை. ஆனால் பார்த்திருக்கிறாள், கல்லூரியில், கண்ணாடித் துண்டில், எபியோடு.

"டாக்டரம்மா, என்னமோ தட்டுப்படுதுங்களா?" என்றார் நாச்சிமுத்து. "இருங்க, இன்னும் போய்ச் சேரலை" என்றாள். பொய். போய்ச் சேர்ந்துவிட்டது. குடல் மறுபடி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். மணிக்கட்டில் வளையல்போல இறுகியது. அந்த இறுக்கத்தில் நிற்கும்போது கல்லூரியின் நோயியல் கூடத்து வாசனை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. கண்ணை எரிக்கும் ஃபார்மலினும், ஜன்னலுக்கு வெளியே மழை பெய்த செம்மண்ணும். அங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே துண்டைப் பார்க்கிற நுண்ணோக்கி ஒன்று இருந்தது. நடுவே ஒரு பச்சை அம்புக்குறி வெளிச்சமாக விழும். ஒருவர் அதை நகர்த்திக் காட்ட, மற்றவர் பார்க்கவேண்டும். கூடப் படித்த எபினேசர்தான் நகர்த்துவான். நாசரேத்துக்காரன், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. அன்றைக்குப் பார்த்தது எருமையின் சூலகக் கட்டி, யாரோ வெட்டி அனுப்பியது. ஊதா நிறத்தில் செல்கள் ஒரு சின்ன ஓட்டையைச் சுற்றி வட்டம் வட்டமாக நின்றன, புள்ளியைச் சுற்றிப் போட்ட கோலமாக. அம்புக்குறி ஒரு வட்டத்தின் நடுவில் போய் நின்றது. நகரவில்லை. ரொம்ப நேரம் நகரவில்லை. "நல்லா இருக்குல்ல" என்றான் எபி. அவள் கண்ணை எடுக்காமலே "ம்" என்றாள். இரண்டு பேர் நெற்றிக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அவன் கட்டியைச் சொன்னானா, வேறெதையாவது சொன்னானா என்று கேட்டிருக்கலாம். கேட்க இருபத்தைந்து வருடமாக நேரம் வரவில்லை. கண்ணை எடுத்து அவனைப் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கழுதை மாதிரி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் கண்ணை மூடினால் அவன் முகம் சரியாக வருவதில்லை, அந்த ஊதா வட்டம்தான் துல்லியமாக வருகிறது.

பிறகு அவன் அந்தக் கூடத்திலேயே ஆசிரியராகத் தங்கிவிட்டான், அவள் அரசு மருந்தகத்துக்கு வந்துவிட்டாள். அவள் அப்பாவுக்கு விஷயம் காதில் விழுந்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "வேதக்காரனா?" கிறிஸ்தவன் என்றதும் அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு எழவில்லை. அவளும் எழுப்பவில்லை. அவனுக்கு அவன் ஊரிலேயே பெண் பார்த்து முடித்தார்கள். ஆனால் கேஸ் இருந்தது. அதை யாரும் தடுக்க முடியாதே! ஊர்வலத்துக்குப் போகிற வெள்ளைக் குதிரையின் வாலடியில் கருப்புக் கருப்பாகக் கட்டி வந்தால், ஒரு துண்டு வெட்டி அகல வாய்ப் பாட்டிலில் போட்டு, பஸ் பார்சலில் அனுப்புவாள். கூடவே தான் என்ன நினைக்கிறாள் என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து வைப்பாள். அவன் சீட்டைப் பிரிக்காமல் முதலில் துண்டைப் பார்ப்பான், அப்புறம்தான் பிரிப்பான். அது அவர்களுக்குள் சட்டம். சாயங்காலம் போன் வரும். அவள் பேரைக்கூடச் சொல்லவேண்டாம். "என்ன கேஸ்?" என்பான். வணக்கம் இல்லை, நல்லாயிருக்கியா இல்லை. கிழட்டுப் பொலிகாளை ஒன்று நடக்கமாட்டாமல் முதுகை வளைத்து நின்றதற்குக் காரணம் கழுத்துக்குள் ஒரு சின்னக் கட்டி என்று அவன் கண்டுபிடித்த அன்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு மணி நேரமும் காளையின் கழுத்தைப் பற்றித்தான். ஆனால் போனை வைத்தபிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாதாரண நோய்க்கெல்லாம் போன் செய்ய முடியாது. கோமாரிக்கும் மடிநோய்க்கும் அவன் எதற்கு? அபூர்வமாக ஏதாவது வரவேண்டும். மற்ற டாக்டர்கள் ஐயோ என்று பயப்படுகிற நோய்க்கு அவள் மட்டும் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தாள். வருடத்துக்கு இரண்டு, நல்ல வருடமாக இருந்தால் மூன்று. மாடுகளின் துன்பத்தை எண்ணித்தான் அவளுடைய சந்தோஷம் இருந்தது. இது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

குடல் விட்டது. விரல்கள் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கின. உருண்டை. தேங்காயைவிடப் பெரியது, வழவழப்பு, உள்ளே நீர் கட்டியிருக்கும் விறைப்பு. கிடாரி இடுப்பை ஆட்டியது. "நில்லு பூரணி, நில்லு சாமி" என்று பாவாயி அதன் தொடையைத் தட்டிக்கொடுத்தாள். அப்புறம் குரலை இறக்கி, டாக்டருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லாப் பாருங்க சாமி. எச்சா ஒரு தடவை பாருங்க" என்றாள். வந்ததிலிருந்து இது நான்காவது தடவை. எதற்கு இவள் இப்படித் தவிக்கிறாள்? மாட்டின் மேல் உயிராக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இவள் குரலில் பாசத்துக்கு மேல் இன்னொன்றும் இருந்தது, சொல்ல வந்து தொண்டையில் நிற்கிற மாதிரி. இருக்கட்டும். உருண்டை. இது அதுதான். எபி, ஒரு கிடாரி, நாலு வயசு, காங்கயம் மயிலை. ஸ்கூட்டரில் வரும்போதே வாக்கியங்களை அடுக்கிப் பார்த்திருந்தாள். காளைக்கே விடலை எபி, மடி சுரக்குது. இடது சூலகம். என்னோட கையால தொட்டேன். அவன் ஒரு நிமிடம் பேசமாட்டான். நல்ல கேஸ் என்றால் பேசமாட்டான், மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்டு ஒன்பது வருடமாகிறது.

ஒன்பது வருடம். மனது எப்போதும் இந்த இடத்தில் வந்து முள்ளில் சிக்கின சேலையாக நிற்கும். எடுக்க எடுக்கக் கிழியும். மூலனூர்ப் பக்கம் ஒரு பசு. சினைக்கு நிற்காத பசு என்று சொன்னார்கள். கை விட்டாள், உருண்டையாகத் தட்டுப்பட்டது. இதேபோல வழவழப்பு, இதேபோல விறைப்பு. கையை உருவிக் கழுவக்கூட இல்லை. உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் கட்டுத்தரையிலேயே நின்று போன் செய்தாள். "என்ன கேஸ்?" "கிரானுலோசா! எபி, கிரானுலோசா!" பள்ளிக்கூடத்துப் பெண்ணைப்போலக் கத்தினாள். அவனுக்கும் குரல் ஏறியது. துண்டு கிடைக்குமா, முழு உறுப்பும் கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும் என்றாள். வீட்டுக்காரர் அன்றைக்கே பசுவைக் கறிக்கு விற்றுவிட்டார், அவள் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்ன, உறுப்பு மட்டும் எனக்கு வேண்டும் என்று அறுக்கிறவரிடம் சொல்லிவைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். அதை அறுத்தாள். சூலகம் இரண்டும் அவரைக்கொட்டை அளவில் ஒழுங்காக இருந்தன. உருண்டையாக இருந்தது கருப்பை. அதற்குள் கன்று. இன்னும் மயிர் முளைக்காத கன்று, கண்ணை மூடிக்கொண்டு, நாலு குளம்பும் மெழுகு மாதிரி மஞ்சளாக, ஒரு பூனைக்குட்டி அளவுக்கு. அவன் பாட்டிலுக்காகக் காத்திருந்தான், சொல்லித்தானே ஆகவேண்டும்! சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, "அதிர்வு பாக்கலியா மங்கை?" என்றான். திட்டவில்லை. கோபம்கூட இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அதிர்வு பாக்கலியா. முதல் வருடத்துப் பையன்கூடப் பார்ப்பான். சினையா கட்டியா என்று சந்தேகம் வந்தால் கருப்பைக்குப் போகிற ரத்தக் குழாயைப் பிடித்துப் பார்க்கவேண்டும். சும்மா இருக்கிற மாட்டுக்கு அது நாடி மாதிரி விட்டு விட்டு அடிக்கும். சினை மாட்டுக்கு அடிக்காது, சுர்ரென்று அதிரும், ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடினால் வெளியே கை வைத்தால் தெரியுமே, அதுபோல. அவள் பார்க்கவில்லை. பார்க்க மறந்தாள் என்று இத்தனை வருடமும் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறக்கவில்லை. பார்த்தால் போன் செய்யமுடியாமல் போய்விடுமோ என்றுதான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எந்த முகத்தோடு கூப்பிடுவது? அவனும் கூப்பிடவில்லை. அவன் கூப்பிடுவதற்கும் கேஸ் வேண்டுமே, கேஸ் எல்லாம் இவளிடமிருந்துதானே போகவேண்டும். நாலு வருடத்துக்கு முன் அவன் மனைவி இறந்துபோன செய்தி, கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. அவள் அவனுக்குத் தனியாக 'எபி' என்று அடித்தாள். அதற்குமேல் என்ன அடிப்பதென்று தெரியாமல் அதையும் அழித்தாள். மனைவி செத்தது கேஸ் இல்லையே. ஒரு மாட்டுக்குக் கட்டி வந்தால்தான் இவளுக்கு வாய் திறக்கும்! என்ன பிறவி இது என்று அன்றைக்குத் தன்னையே கன்னத்தில் அறையவேண்டும்போல இருந்தது.

இப்போது இதோ இருக்கிறது கேஸ். தலை நிமிர்ந்து போன் செய்கிற மாதிரியான கேஸ். கிடாரியை லாரியில் ஏற்ற விடமாட்டாள். கல்லூரிக்கு அனுப்பி அறுவை செய்யச் சொல்லுவாள். ஒரு சூலகத்தை எடுத்துவிட்டால் மற்றதை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் சினைகூடப் பிடிக்கும். எபியே பக்கத்தில் நிற்பான். இவளும் போவாள். பொய், நாச்சிமுத்து அனுப்பமாட்டார். லாரி நிற்கிறது. மூலனூரில் ஒன்று, இங்கே ஒன்று என்று ஆகிவிடும். சரி, குழாயைப் பிடி. பிடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படு. விரல் நகரவில்லை. குடல் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை, தாராளமாக நகரலாம், விரல்தான் நகரவில்லை. உருண்டையின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். வழவழப்பாக, விறைப்பாக, சூடாக இருந்தது. இப்படியே கையை உருவிவிட்டால் இது கட்டி. ஒரு நிமிடம் போல இருந்தது. உண்மையில் நாலு மூச்சுக்குமேல் இருந்திருக்காது. "டாக்டரம்மா" என்றாள் பாவாயி. அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் காதில் சுட்டது. மங்கையர்க்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விளிம்பின் பக்கவாட்டில் திருப்பினாள். தேடினாள். வழுக்கிக்கொண்டு ஓடுகிற குழாய் அது, ஓரிடத்தில் நிற்காது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் சிக்கவைக்க வேண்டும். சிக்கியது. பென்சில் கனம். லேசாக அழுத்தினாள்.

சுர்ரென்றது. ஐயோ என்றது மனது. உடனே இன்னொரு பக்கத்திலிருந்து வக்கீல் மாதிரி எழுந்து பேசவும் ஆரம்பித்தது: கட்டிக்கும் ரத்தம் வேண்டும், பெரிய கட்டிக்குப் போகிற குழாயும் அதிரலாம், காளைக்கே விடாத கிடாரி எப்படிச் சினையாகும், ஐப்பசியில் போட்ட ஊசி பிடித்திருந்தால் இந்நேரம் கன்று இடுப்புக்குழிக்கே வந்திருக்கும், இதென்ன அளவு, காம்பில் தேனாக வந்ததே. நிறுத்து. காம்பில் தேனாக வருவது சினைக் கிடாரிக்கும்தான் வரும். அதை வந்ததுமே நீ பார்த்தாய். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாய். உன் விரலை நீயே ஏமாற்றாதே. உருண்டைக்குத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை மேலாக வைக்காமல், மாவுக்குள் கல் தேடுகிற பாட்டியின் பொறுமையோடு அழுத்தினாள். சுவருக்கு அந்தப்புறம் பொத்தான் பொத்தானாகத் தட்டுப்பட்டது. கன்றைத் தாயோடு கோத்து வைக்கிற பொத்தான்கள். ஒன்று, இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று. எந்தக் கட்டிக்கும் இது கிடையாது. அப்படியும் போதாமல், தனக்குத்தானே தண்டனை கொடுக்கிற மாதிரி இன்னும் கீழே எட்டி, நீருக்குள் கிடந்த எதையோ ஒரு தட்டுத் தட்டினாள். அது விலகிப் போனது. காத்திருந்தாள். திரும்பி வந்து அவள் விரல் நுனியில் இடித்தது. சின்னதாக, கெட்டியாக. குளம்பு. இரண்டு விரலால் பிடித்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. உள்ளே ஒருவர் இருந்தார், கோபக்காரர்.

சந்தோஷம்தான் முதலில் வந்திருக்கவேண்டும். வரவில்லை. முதலில் வந்தது ஏமாற்றம். போயிற்று. அந்த வாக்கியங்கள் எல்லாம் போயின. எபி, ஒரு கிடாரி, நாலு வயசு. யாருக்கு வேண்டும், சினைக் கிடாரி ஊரெல்லாம் நிற்கிறது. அடுத்து வந்தது வெட்கம். அதற்கும் பிறகு, ரொம்பத் தாமதமாக, கண்ணில் நீர் முட்டியது. அது எதற்காக என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, பிளாஸ்டிக் வாளியில் கிடந்த கன்றுக்காகவா, இதற்காகவா, தனக்காகவா. கண்ணைத் திறந்தாள். காற்றில் தூசி விழுந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். கையை மெதுவாக உருவினாள். வெளிக்காற்று பட்டதும் கை சில்லிட்டது. "கட்டி இல்லீங்க" என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு. "சினை. அஞ்சு மாசம். கன்னு நல்லா இருக்குது, உதைக்குது."

நாச்சிமுத்து கயிற்றை விடாமலே வாயைப் பிளந்தார். "சினைங்களா? எப்படிங்க? காளைக்கே உடலயேங்க! அஞ்சு மாசத்துக்கு முன்னால தைப்பூசம். நான் பழனிக்கு நடந்து போயிருந்தனுங்க." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். பாவாயி வாலை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், இனி பிடிக்க வேண்டியதில்லை என்பதே தெரியாமல். "நாந்தான் ஓட்டிட்டுப் போனேன்" என்றாள். "நீங்க பழனிக்குப் போனன்னைக்கு மறுநா. அது கத்துன கத்து கேக்க முடியல. சின்னானூட்டுக் காளைகிட்ட ஓட்டிட்டுப் போனேன்." சின்னான் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி, வேலித் தகராறில் எட்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று மருந்தகத்துக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்வதை மங்கையர்க்கரசியும் கேட்டிருக்கிறாள். "அவனூட்டுப் படியேறிப் போயிக் கேட்டயா?" என்றார் நாச்சிமுத்து. "கேட்டேன். காளைய உடுங்கன்னு கேட்டேன். உட்டாங்க. அவ்வளவுதான்." "எங்கிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா உட்டுருப்பீங்களா?" பாவாயி அப்போதுதான் வாலை விட்டாள். கண்ணை இறக்கவில்லை. "லாரி வந்து நிக்கறப்பக்கோட எனக்குச் சொல்ல வாய் வரலீங்க. டாக்டரம்மா சொல்லிருவாங்கன்னு உசுரக் கையில புடிச்சுட்டு நின்னேன். சொல்லாம உட்டுருந்தா நானே கொன்னாப்புல ஆயிருக்கும்." நாச்சிமுத்து ரொம்ப நேரம் கிடாரியின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டுத் தடத்தை நோக்கி நடந்தார், லாரிக்காரரைத் திருப்பி அனுப்ப. போகிற போக்கில், யாருக்கென்றில்லாமல், "காளை நல்ல காளைதான்" என்று முணுமுணுத்தார்.

பாவாயி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, மங்கையர்க்கரசி கையைக் கழுவினாள். சோப்பை முழங்கை வரை, பிறகு தோள் வரை தேய்த்தாள். படியேறிப் போய்க் கேட்டேன், அவ்வளவுதான் என்றாளே இவள். அவ்வளவுதானா? எட்டு வருடம் பேசாத வீட்டுக்கு, தன் மாட்டுக்காகப் போயிருக்கிறாள். அது அவளுக்குக் காரணம், வலுவான காரணம். என்னிடம் என்ன இருக்கிறது, ஒரு கிடாரிகூட இல்லை. நல்ல வேளையாக இல்லை. இருந்திருந்தால் மறுபடி ஒரு கட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், அவனும் பேசியிருப்பான், போனை வைத்திருப்போம், அப்புறம் இன்னொரு மாட்டுக்கு எப்போது வரும் என்று காத்திருப்பேன். அறுபது வயது வரைக்கும் காத்திருப்பேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு வந்தாள். காற்று சேலையை ஒருபக்கமாக இழுத்தது. எண் அப்படியேதான் இருந்தது. ஒன்பது வருடத்தில் மூன்று போன் மாறியும் அந்த எண்ணை ஒவ்வொன்றிலும் முதலில் ஏற்றியிருந்தாள். யோசித்தால் ஓடாது என்று தெரியும். அழுத்தினாள். மணி அடித்தது, அடித்தது, அடித்தது. வகுப்பில் இருப்பான். எண் மாற்றியிருப்பான். என்னை மறந்தே போயிருப்பான். நாலாவது மணியில் எடுத்தான். மூச்சு கேட்டது. அதே மூச்சு, கொஞ்சம் கரகரப்பாக.

"என்ன கேஸ்?" என்றான்.

எதையாவது சொல்லிவிடு என்றது மனது, ஏதாவது ஒரு கட்டியைச் சொல், போன மாதம் வந்த எருமையைச் சொல். ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கேஸ் எதுவும் இல்ல எபி" என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி ஒன்று தரையில் இழுபடுகிற சத்தம். அவன் உட்காருகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.